ஐந்து கடைகளிலும் ஒரே விலை: கத்தி நிறுவனங்களின் குறைந்தபட்ச விளம்பர விலைக் கொள்கை பற்றி ஒரு கேள்வி

கேள்வி: புதிய சேகரிப்பாளர், டெக்சஸ்

அனைவருக்கும் வணக்கம். சமையலறைக் கத்திகளில் தொடங்கிய என் ஆர்வம் கடந்த ஓராண்டாக மடக்குக் கத்திகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஸ்பைடர்கோ நிறுவனத்தின் கத்தி ஒன்றை வாங்கலாம் என்று முடிவு செய்து, சென்ற வாரம் ஒரு மாலை முழுவதும் ஐந்து அமெரிக்க இணையக் கடைகளில் விலை பார்த்தேன். ஐந்திலும் ஒரே விலை; ஒரு சென்ட் கூட வித்தியாசமில்லை. ஆறாவது கடையில் விலையே போடவில்லை. 'கூடையில் சேர்த்தால் விலை தெரியும்' என்று மட்டும் இருந்தது. சேர்த்துப் பார்த்தேன், 12 டாலர் குறைந்தது. ஏழாவதாக, பெரிய சந்தைத் தளம் ஒன்றில் பெயர் கேள்விப்படாத ஒரு விற்பனையாளர் அதே கத்தியைக் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைவாகக் காட்டினார்.

விசாரித்தபோது, இதற்குக் காரணம் 'மேப்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச விளம்பர விலைக் கொள்கை என்றார்கள். ஊரில் வளர்ந்த நமக்கு எம்ஆர்பி தெரியும். அது உச்சவரம்பு, அதற்கு மேல் விற்கக் கூடாது, கீழே எவ்வளவு குறைத்தாலும் அது கடைக்காரரின் மனசு. இங்கே தலைகீழாக, தயாரிப்பு நிறுவனம் ஒரு அடிவரம்பைப் போட்டு, அதற்குக் கீழே விலையைக் காட்டாதே என்கிறது. கடைக்காரர் காசு கொடுத்து வாங்கி, தன் அலமாரியில் வைத்திருக்கும் சரக்குக்கு நிறுவனம் எப்படி விலை சொல்ல முடியும்? இதனால் உண்மையில் யாருக்கு லாபம், சிறு கடைக்கா, பெரிய இணையக் கடைக்கா, நிறுவனத்துக்கா? அந்த ஏழாவது ஆளிடம் வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1: கடைக்காரர், ஒஹாயோ

வணக்கம் நண்பரே. பதினோரு ஆண்டுகளாக ஒரு சிறிய கத்திக் கடையில் பங்குதாரராக இருக்கிறேன். ஆகவே நான் நடுநிலையானவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கொள்கை, பெயரைப் பொறுத்தவரை, விற்கும் விலையைத் தொடுவதில்லை. காட்டும் விலையை மட்டுமே தொடுகிறது. ஒரு கத்திக்கு மூன்று விலைகள் உண்டு. பெட்டியின் மேல் இருக்கும் பரிந்துரை விலை 200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. தள்ளுபடி பெரிதாகத் தெரிவதற்காக இருக்கிற விலை அது. விளம்பரத்தில் காட்டக்கூடிய மிகக் குறைந்த விலை 150. கடைக்கு அடக்கம் 110. (எண்கள் கணக்குக்காக நான் போட்டவை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.) நீங்கள் என் கடைக்கு நேரில் வந்தால் 135-க்குக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு, பெரும்பாலான நிறுவனங்களின் கொள்கையில் அது மீறல் ஆகாது. ஆனால் இணையக் கடையில் பொருளின் பக்கமே விளம்பரம்தான். அங்கே காட்டும் விலையும் வாங்கும் விலையும் வேறு வேறு அல்ல. அதனால்தான் காகிதத்தில் மென்மையாக இருக்கும் இந்தக் கொள்கை, திரையில் விலைக் கட்டுப்பாடாகவே மாறிவிடுகிறது. நீங்கள் பார்த்த 'கூடையில் சேர்த்தால் தெரியும்' என்ற வழி இந்த இடுக்கில் முளைத்ததுதான். சில நிறுவனங்கள் கூடையை விளம்பரமாகக் கருதுவதில்லை, சில கருதுகின்றன.

இது ஏன் எங்களுக்குத் தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். ஒருவர் வந்தார், நல்ல மனிதர். கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஐந்து கத்திகளை எடுத்து வைத்தேன். மடக்குக் கத்தியைப் படம் பார்த்து வாங்க முடியாது. அலகைத் திறக்கும் துளையில் கட்டைவிரல் எங்கே விழுகிறது, பூட்டு இறுக்கமாக விழுகிறதா, மூடும்போது அலகு பிடியின் நடுவில் நிற்கிறதா ஒரு பக்கம் சாய்கிறதா, பையில் மாட்டும் க்ளிப் உள்ளங்கையைக் குத்துகிறதா என்பதெல்லாம் கையில் பிடித்தால்தான் தெரியும். நாற்பது நிமிடம் பார்த்தார். நான்காவது கத்தியின் எஃகைப் பற்றியும், அதைத் தீட்ட எந்தக் கல் வேண்டும் என்பதைப் பற்றியும் கேட்டார், சொன்னேன். பிறகு பெட்டியில் இருந்த பட்டைக்குறியீட்டைக் கைபேசியில் படம் பிடித்து, 125-க்கு ஒரு தளத்தில் இருக்கிறதே என்று காட்டினார். 125-க்கு நான் கொடுத்தால் மிஞ்சுவது 15. அதைக் கொண்டு வாடகையும் கட்ட வேண்டும், அவருக்கு ஐந்து கத்திகளை எடுத்துக் காட்ட ஒரு ஆளையும் வைக்க வேண்டும். இணையத்தில் விற்றாலும் கார்டுக் கட்டணம் மூன்று சதவீதம், இலவச அஞ்சல் என்றால் ஒரு எட்டு டாலர், ஆக 15-இல் மூன்றே கால் டாலர்தான் மிஞ்சும். அந்தத் தளத்தில் விற்றவர் எப்படிப் பிழைக்கிறார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. பெரும்பாலும் பிழைப்பதில்லை, ஆறு மாதத்தில் பெயர் மாறிவிடுகிறது.

ஆனால் என் உண்மையான குறை வாங்குபவர் மீது இல்லை. கொள்கையைப் போட்டுவிட்டுக் காவல் காக்காத நிறுவனங்கள் மீதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கத்திகளை நாங்கள் கணிசமாக வாங்கி வைத்திருந்தோம், பெயர் வேண்டாம். கொள்கையை எழுத்துப் பிசகாமல் மதித்தோம். சந்தைத் தளத்தில் இரண்டு பேர் அடிவிலைக்கும் கீழே வெளிப்படையாக விற்றார்கள். அந்தப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு அனுப்பினோம், மூன்று முறை. 'உங்கள் தகவல் கிடைத்தது' என்ற ஒரே வரிதான் பதில். என்ன நடவடிக்கை, எப்போது, எதுவும் சொல்லவில்லை. எங்கள் கண்ணாடிப் பெட்டியில் 23 கத்திகள் தூசி படிந்து கிடந்தன. விலையைக் குறைத்துக் காட்டினால் எங்கள் கணக்கை மூடிவிடுவார்கள், குறைக்காவிட்டால் போணியாகாது. கடைசியில் நேரில் வந்தவர்களுக்கு அடக்கத்துக்கே கொடுத்துத் தீர்த்தோம், அந்த நிறுவனத்தை விட்டோம். விலக்கே இல்லாமல் நடைமுறைப்படுத்தினால் இந்தக் கொள்கை சிறு கடையைக் காப்பாற்றும். அரைகுறையாக நடைமுறைப்படுத்தினால் சொன்ன சொல்லைக் கேட்டவனை மட்டும் தண்டிக்கும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ஒரே மாதிரிக் கத்தி, ஒரு கடையில் மட்டும் ஊதாப் பிடியோடு, வேறு எஃகில், குறைந்த எண்ணிக்கையில் வரும். விலையில் போட்டி போட முடியாத கடைகள் பிடியின் நிறத்தில் போட்டி போடுகின்றன. ஸ்பைடர்கோ சேகரிப்பாளர்கள் 'ஸ்பிரின்ட் ரன்' (குறைந்த எண்ணிக்கையில் செய்யும் தனித் தொகுதி), 'எக்ஸ்க்ளூசிவ்' (ஒரு கடைக்கு மட்டும் செய்வது) என்று நள்ளிரவில் விழித்திருந்து வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

பதில் 2: விலை பார்ப்பவர், நியூ ஜெர்சி

கடைக்காரர் ஐயா நேர்மையாக எழுதியிருக்கிறார். அவருடைய சனிக்கிழமைக் கதையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடத்துக்கான கூலியை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. நான் ஒரே மாதிரியை மூன்றாவது முறையாக வாங்குகிறேன். எஃகு தெரியும், கல் தெரியும், எனக்கு யாரும் எடுத்துக் காட்ட வேண்டாம். ஆனாலும் எடுத்துக் காட்டும் கடைக்காக வகுத்த அடிவிலையைத்தான் நானும் கொடுக்கிறேன்.

அதுவும் அந்தப் பணம் ஒஹாயோவில் இருக்கும் அந்தக் கடைக்குப் போனால் பரவாயில்லை. போவதில்லை. பெரிய கிடங்கு வைத்து, ஆயிரக்கணக்கில் வாங்குவதால் குறைந்த அடக்கத்தில் எடுக்கும் இணையக் கடைக்குப் போகிறது. அந்தக் கடையில் யாரும் எனக்கு ஐந்து கத்திகளை எடுத்து வைப்பதில்லை. விலைப் போட்டி இருந்திருந்தால் அதன் சிக்கனத்தில் ஒரு பங்கை எனக்கு விட்டுத்தர வேண்டியிருக்கும். இந்தக் கொள்கை அதிலிருந்து அதைக் காப்பாற்றுகிறது. சிறு கடையின் பெயரைச் சொல்லிப் பெரிய கடைக்குக் குடை பிடிப்பது என்று நான் இதைச் சொல்வேன்.

இசைத்தட்டுகளில் நடந்தது நினைவிருக்கலாம். தொண்ணூறுகளில் பெரிய சங்கிலிக் கடைகள் வாடிக்கையாளரை உள்ளே இழுப்பதற்காகச் சிடிக்களை அடிமாட்டு விலைக்கு விற்றன. இசைக் கடைகள் திணறின. உடனே ஐந்து பெரிய இசை நிறுவனங்கள், தங்கள் அடிவிலைக்குக் கீழே விளம்பரம் செய்தால் விளம்பரச் செலவில் தங்கள் பங்கைத் தர மாட்டோம் என்றன. கடைக்குள் மாட்டும் அட்டைக்குக்கூட அந்த விதி பொருந்தியது. கடை தன் சொந்தக் காசில் செய்த விளம்பரத்துக்கும் பொருந்தியது. 2000-ஆம் ஆண்டில் மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்டு, மூன்றாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மக்கள் 48 கோடி டாலர் வரை அதிகமாகக் கொடுத்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஐந்து நிறுவனங்களும் அந்த ஏற்பாட்டைக் கைவிட ஒப்புக்கொண்டன. கத்திச் சந்தையில் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து சந்தையை வைத்திருக்கவில்லை என்பது உண்மைதான், அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இது விலை அல்ல, விளம்பரம் மட்டும்தான்' என்ற அதே வாதத்தை அன்றும் கேட்டோம்.

பிரிட்டனில் அந்த வாதம் எடுபடவில்லை. 2016-இல் அங்குள்ள போட்டி ஆணையம், குளியலறைப் பொருள்கள் விற்கும் அல்ட்ரா ஃபினிஷிங் நிறுவனத்துக்கு 7,86,668 பவுண்டும், வணிகக் குளிர்பதனப் பெட்டிகள் விற்கும் ஐடிடபிள்யூ நிறுவனத்துக்குச் சுமார் 23 லட்சம் பவுண்டும் அபராதம் போட்டது. இணையத்தில் காட்டும் விலைதான் விற்கும் விலை, அதைக் கட்டுப்படுத்துவது மறுவிற்பனை விலையையே கட்டுப்படுத்துவது என்பது அதன் நிலைப்பாடு. கடைக்காரர் ஐயா தன் பதிலில் 'திரையில் விலைக் கட்டுப்பாடாகவே மாறிவிடுகிறது' என்று எழுதியதும் இதையேதான்.

பதில் 3: சட்டம் படித்தவர், மேரிலாந்து

கேள்வி கேட்டவர் 'எப்படி முடியும்' என்று கேட்டிருந்தார். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். இதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம்.

1911-இல் டாக்டர் மைல்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில், தயாரிப்பாளரும் விற்பனையாளரும் மறுவிற்பனை விலையைப் பேசி ஒப்பந்தம் செய்துகொள்வது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. எட்டே ஆண்டில், 1919-இல், கோல்கேட் வழக்கு வந்தது. நாம் பல் துலக்கும் அதே கோல்கேட்தான். ஒரு நிறுவனம் தன் நிபந்தனையை முன்கூட்டியே தானாக அறிவித்துவிட்டு, அதை மதிக்காதவருக்குச் சரக்கு தர மறுப்பது அதன் உரிமை என்று அதில் தீர்ப்பாயிற்று. இன்றைய விளம்பர விலைக் கொள்கைகளின் வரைவில் இந்தக் கோல்கேட் தீர்ப்பின் நிழல் தெரியும்: நாங்கள் அறிவிக்கிறோம், நீங்கள் சம்மதம் சொல்ல வேண்டாம், மீறினால் சரக்கு நிற்கும்.

ஒஹாயோ நண்பருக்கு 'தகவல் கிடைத்தது' என்ற ஒற்றை வரி பதில் வந்ததற்கும் இங்கேதான் விளக்கம் இருக்கிறது. 1984-இல் மான்சாண்டோ வழக்கில், பிற விற்பனையாளர்களின் புகாரைக் கேட்டு ஒருவரை நீக்கியது மட்டும் கூட்டுச்சதிக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் புகாரோடு கூடுதலாக ஏதேனும் உடன்பாடு தெரிந்தால் நிலைமை மாறும். ஆகவே நிறுவன வழக்கறிஞர்கள் கொடுக்கும் அறிவுரை எளிது: புகாரை வாங்கு, பேசாதே. 'அவர்மேல் நடவடிக்கை எடுக்கிறோம், நீங்களும் விலையைக் காத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி ஆறுதலாக எழுதிவிட்டால், தானாக அறிவித்த கொள்கை பேசி முடித்த ஒப்பந்தமாகத் தோற்றம் பெற்றுவிடும். அந்த மௌனம் அலட்சியமாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம்.

2007-இல் லீஜின் வழக்கு 1911-ஆம் ஆண்டுத் தீர்ப்பையே மாற்றியது. பிரைட்டன் என்ற பெயரில் தோல் பொருள்கள் செய்யும் லீஜின், இருபது சதவீதம் தள்ளுபடி கொடுத்த ஒரு டெக்சஸ் கடைக்கு (ஆம், உங்கள் மாநிலம்தான்) சரக்கை நிறுத்தியது. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், குறைந்தபட்ச விலை ஒப்பந்தம்கூடத் தானாகவே குற்றமாகாது, ஒவ்வொன்றிலும் நன்மை தீமையை எடைபோட வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரே நிறுவனத்தின் கத்தியை விற்கும் கடைகளுக்கிடையே விலைப் போட்டி குறைந்தாலும், நிறுவனங்களுக்கிடையே போட்டி வலுப்படலாம் என்பது பெரும்பான்மையின் வாதம். நீதிபதி பிரையர் எழுதிய மறுப்புரை, நியூ ஜெர்சி நண்பரின் பக்கம் நிற்கும். நான் வசிக்கும் மேரிலாந்து 2009-இல் தனிச் சட்டம் இயற்றி, குறைந்தபட்ச விலை ஒப்பந்தத்தை மாநில அளவில் மீண்டும் தடை செய்தது. ஆனால் அது விலை ஒப்பந்தம் பற்றியது. விளம்பரத்தை மட்டும் தொடும் கொள்கை அதைவிட ஒரு படி பாதுகாப்பான இடத்தில் நிற்கிறது.

எம்ஆர்பியை எடுத்துக்காட்டியதால் ஒரு பக்கக் குறிப்பு. இந்தியாவில் அடிவரம்பு போடுவது அவ்வளவு எளிதல்ல. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்துவது தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தருகிறார்களா என்று வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் அனுப்பிச் சோதித்தார்கள் என்பது அந்த ஆணையில் இருக்கிறது. மாருதி மேல்முறையீடு செய்தது.

புதிய சேகரிப்பாளர், டெக்சஸ்

மூவருக்கும் மிக்க நன்றி. எம்ஆர்பியைப் பற்றி நான் போகிற போக்கில் எழுதியது மாருதி வரை போகும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த ஏழாவது விற்பனையாளரைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே. அவர் கொள்கையை மீறுகிறார் என்றால் அவருக்குச் சரக்கு எப்படித் தொடர்ந்து கிடைக்கிறது?

கடைக்காரர், ஒஹாயோ

பின்வாசல் சரக்கு. அங்கீகரிக்கப்பட்ட ஒரு கடை தேவைக்கு மேல் வாங்கி, மொத்தமாக அவரிடம் தள்ளிவிடும். அவர் நிறுவனத்தின் எந்தக் கொள்கைக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். நிறுத்துவதற்கு அவருக்கு நிறுவனம் சரக்கே அனுப்பவில்லை. கசிந்த கடையைக் கண்டுபிடிப்பதுதான் ஒரே வழி. ஆகவே அந்தக் கத்தி அசலாகவே இருக்கக்கூடும். போலியாகவும் இருக்கக்கூடும், ஸ்பைடர்கோவுக்கும் இன்னொரு கத்தி நிறுவனமான பெஞ்ச்மேடுக்கும் போலிகள் ஏராளம், பெட்டியும் உள்ளிருக்கும் தாளும் உட்பட அச்சு அசலாக வருகின்றன. அசல் என்றாலும், சில நிறுவனங்களின் உத்தரவாதம் அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கிய முதல் உரிமையாளருக்கு மட்டுமே. வாங்கும் முன் நிறுவனத்தின் உத்தரவாதப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

குறைந்த விலைக்கு நேர்வழிகள் உண்டு. தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். உற்பத்தி நிறுத்தப்பட்ட மாதிரிகளுக்குப் பெரும்பாலும் அடிவிலை எடுக்கப்பட்டுவிடும். நவம்பரில் எல்லாக் கடைகளிலும் ஒரே நாளில் ஒரே தள்ளுபடி வந்தால், அது நிறுவனமே தேதி குறித்துத் திறந்துவிட்டது. அதற்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை. வாங்கியவர் கை மாற்றி விற்கும் கத்திகளுக்கு எந்தக் கொள்கையும் கிடையாது. ஆனால் அடிவிலை உறுதியாக நிற்கும் மாதிரிகள் அங்கேயும் விலை இறங்காது. நியூ ஜெர்சி நண்பர் தன் பழைய கத்தியை விற்கும்போது இந்தக் கொள்கையை அவ்வளவாகத் திட்ட மாட்டார் என்று நினைக்கிறேன்.

விலை பார்ப்பவர், நியூ ஜெர்சி

திட்டுவேன். விற்ற காசில் அடுத்ததை அதே அடிவிலைக்குத்தானே வாங்குகிறேன்.

புதிய சேகரிப்பாளர், டெக்சஸ்

சனிக்கிழமை, வீட்டிலிருந்து நாற்பது மைல் தள்ளி இருக்கும் ஒரு கடைக்குப் போய் வந்தேன். முதலில் எடுத்துக் கொடுத்த கத்தியில் அலகு ஒரு நூல் அளவு இடது பக்கம் சாய்ந்திருந்தது; ஒஹாயோ நண்பர் எழுதியிருக்காவிட்டால் நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். கேட்டவுடன் இரண்டாவதை எடுத்துக் கொடுத்தார்கள். விலை அட்டையில் இணையத்தில் பார்த்த அதே விலைதான் இருந்தது. பணம் கட்டும் இடத்தில் தயங்கித் தயங்கி, இதைவிடக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அந்த அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, கேட்டால்தான் தர முடியும் என்று சொல்லி எட்டு டாலர் குறைத்தார். வெளியே வந்து கணக்குப் போட்டேன். நாற்பது மைல் போக, நாற்பது மைல் வர, பெட்ரோலுக்கு அந்த எட்டு டாலருக்கு மேலேயே ஆகியிருக்கும். கத்தி நன்றாக இருக்கிறது.